ஆற்றோர மூலை

ஆராதனை முடிந்து சபையார் வெளியே வேப்பமரத்து நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஜெயபுஷ்பம் உள்ளறைக்குள் போய், கமிட்டியார் உட்கார்ந்திருந்த மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்துப் பிரித்தாள். உள்ளே காடாத் துணி. துவைத்து, கஞ்சி போடாமல், மடித்து வைத்த துணி. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருப்பவள். அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அவள் கையில்தான் முதல் அழுகையை அழுதிருந்தன.

"இது இன்னா சிஸ்டர்?" என்றார் செயலாளர்.

"சாவுக்குத் துணி. பொட்டி வேணாம், சிமெண்ட் வேணாம்னு நினைக்கிற குடும்பம் இருந்தா, வீட்டு ஆளுங்களே குளிப்பாட்டி, இதுல சுத்தி, நேரா மண்ணுல வைக்கணும். அதுக்கு நம்ம கல்லறைத் தோட்டத்துல ஒரு இடம் வேணும். அப்புறம், அந்த வீட்டுக்குத் துணைக்குப் போறதுக்குப் பொம்பளைங்க நாலு பேரைச் சேர்க்கப் போறேன். அதுக்கும் சபை சரின்னு சொல்லணும்."

போதகர் மோசஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரிடம் அவள் முன்பே பேசியிருந்தாள். "யோசிச்சுப் பாத்தா இதுல தப்பு ஒண்ணும் தெரியல. நம்ம ஆண்டவரையே துணியில சுத்திதான் வச்சாங்க" என்றார் மெதுவாக.

"ஆண்டவரு மூணாம் நாள் எழுந்துட்டாரு ஐயரே" என்றது மேசையின் கோடியிலிருந்து ஒரு குரல். "நாங்க எழுந்திருக்க எத்தனை காலம் ஆவுமோ. அதுவரைக்கும் பொட்டி வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன ஆசீர்வாதம் மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் கூலியாக இறங்கி, மேஸ்திரியாக ஓய்வுபெற்றவர். சுண்ணாம்பு தின்ற நகங்கள் இன்னும் சரியாக வளரவில்லை. எழுபதை நெருங்கியும் முதுகு வளையாத ஆள். அவர் எழுந்து நின்று அந்தத் துணியை விரல் நுனியால் தள்ளினார்.

"எங்கப்பன் செத்தப்போ எனக்கு மீசை முளைக்கல. பாயில சுருட்டினாங்க. ஊர்த் தெருவழியா போவக்கூடாதுன்னு வரப்பு மேலயே தூக்கினு போனாங்க. நல்ல மழை. ஒருத்தனுக்குக் கால் வழுக்கிடுச்சு. பாய் பிரிஞ்சு எங்கப்பன் சேத்துல விழுந்தான். அந்த மூஞ்சை நான்தான் தொடச்சேன்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "எங்கம்மா சாவும்போது நான் மேஸ்திரி. தேக்குல பொட்டி போட்டேன். பித்தளைப் பிடி வச்சேன். பஜார் வழியாவே தூக்கினு வந்தேன். சாயபுங்க கடையிலேர்ந்து இறங்கி நின்னாங்கம்மா. அந்தப் பொட்டியைத்தான் நீ வேணாம்ங்கற."

ஜெயபுஷ்பம் பல பதில்களோடு வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் சிமெண்ட் மேடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதைச் சொல்லலாம் என்றிருந்தாள். மண்ணுக்கு மண் என்று ஜெபம் சொல்லிவிட்டு, அந்த மண் படாமல் பலகையும் காரையும் போட்டு மூடுவது என்ன நியாயம் என்று கேட்கலாம் என்றும் இருந்தாள். ஆனால் சேற்றில் விழுந்த ஒரு மனிதனின் முகத்துக்கு முன்னால் அதெல்லாம் வாயில் வரவில்லை. துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

"நீங்க சொல்றது நியாயம்தான் மேஸ்திரி. ஆனா நான் கேட்டதைக் கேட்டுக்கினுதான் இருப்பேன்" என்றாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன் வில்சன், வாணியம்பாடி ரோட்டில் இருந்த ஒரு ஷாப்பின் கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். அவன் வேலை மேலே, தோல் சுழற்றும் டிரம் பக்கம். தொட்டிக்குள் முதலில் இறங்கியவன் குரல் கொடுக்காமல் போகவே, அவனைத் தூக்க இறங்கினான். இரண்டு பேரும் ஏறவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து வேலூரிலிருந்து வேனில் வந்தபோது பெட்டி ஆணியடித்து மூடியிருந்தது. திறக்க வேண்டாம், பார்க்கிற மாதிரி இல்லை என்று ஷாப்பு ஆட்கள் சொன்னார்கள். எத்தனையோ பேருடைய பிள்ளைகளைச் செத்த பிறகு கழுவித் துடைத்து, தாடையைக் கட்டி, கண்ணை மூடி அனுப்பியவள் அவள். தன் பிள்ளையின் நகத்தைக்கூடத் தொடவில்லை. ஆணியைப் பிடுங்குங்கள் என்று சொல்ல அன்று அவளுக்குத் தெம்பில்லை. பெட்டியை இறக்கி, மேலே பலகைக்கல் பாவி, சாயங்காலத்துக்குள் காரை பூசிவிட்டார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளோடு வீட்டுக்கு ஆள் வருவதும் நின்றுபோனது. அவள் புருஷன் இன்பசேகரன், ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறவன், அன்றிலிருந்து கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போவதில்லை. கல்லறைத் திருநாளன்று சபையே பூவும் மெழுகுவத்தியுமாகப் போகும்போது அவன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பான்.

பிறகு ஒருநாள் பக்கத்துத் தெரு அப்துல் ஹமீதின் தாயார் இறந்தபோது, கையில் ஏற்றியிருந்த டிரிப்ஸ் ஊசியை எடுத்துவிட ஜெயபுஷ்பத்தைக் கூப்பிட்டார்கள். எடுத்துவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாள். திரைக்குப் பின்னால் மகள்களும் மருமகளும் அந்த அம்மாவைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டது. செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம், யாரோ "மெதுவா, கையை மெதுவா" என்று சொல்லும் சத்தம். கற்பூர வாசனை வந்தது. ஒரு மகள் வெளியே வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஜெயபுஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக அழுதாள். அப்படி அழ முடியும் என்பதே ஜெயபுஷ்பத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மூன்று கூட்டங்கள் கழித்து, அவளுடைய தொந்தரவு பொறுக்காமல் கமிட்டி ஒரு வழி சொன்னது. கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம், பாலாற்றை ஒட்டி, வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த மூலையை எடுத்துக்கொள்ளலாம். ஷாப்புக் கழிவுத் தண்ணி பாய்ந்து பாய்ந்து மேல்மண் உப்புப் பூத்துக் கிடந்த இடம். அங்கே யாரும் வரப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் கொடுத்தார்கள். ஜெயபுஷ்பம் அதற்கும் நன்றி சொன்னாள். அடுத்த சனிக்கிழமையே வெட்டுக்கத்தியோடு போனாள்.

உதவிக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான். முதலில் வந்தவள் யார் என்பதுதான் ஆச்சரியம். ஆசீர்வாதம் மேஸ்திரியின் மனைவி சௌந்தரம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"அவரு பொட்டிக்குக் காவல். நான் முள்ளுக்கு வந்தேன். கத்தியைக் குடு புஷ்பம்."

முள்ளை வெட்டி, வேரைப் பிடுங்கி, அந்த மூலையைத் துப்புரவாக்க அவர்களுக்குப் பல வாரம் ஆனது. ஆழமாக ஒரு குழி வெட்டிப் பார்த்தார்கள். மேலே வெள்ளையாக உப்பு. இடுப்பளவு போனதும் மண் நிறம் மாறி, ஈரமாக, சிவப்பாக, பழைய ஆற்று மண்ணாக இருந்தது. சௌந்தரம் ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். "ஷாப்பு நாத்தம் இல்ல" என்றாள். பிறகு குழி ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, சாதாரணமாக, சமையலுக்கு என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "என்னை இங்கதான் வைக்கணும். பொட்டி வேணாம். மூடினா எனக்கு மூச்சு முட்டும்."

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜெயபுஷ்பம் சிரிக்கவில்லை. "நிஜமாவா அக்கா?"

"நிஜமாத்தான். அவருகிட்டயும் சொல்லிட்டேன். காது கேக்காத மாதிரி பேப்பர் படிச்சுக்கினு இருக்காரு."

மூலை தயாராக இருந்தது. யாரும் வரவில்லை. ஆனால் துக்க வீடுகளுக்குப் போகும் வேலை தானாகவே பிடித்துக்கொண்டது. சாவு விழுந்த வீட்டுக்கு முதல் ஒரு மாதம் தினமும் யாராவது ஒருத்தி போவாள். அடுப்பு மூட்டுவாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்புவாள், அழுகிறவர்கள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஜெயபுஷ்பத்துக்குச் சும்மா உட்கார வராது. எதையாவது எடுத்து வைத்துக்கொண்டே இருப்பாள். சௌந்தரத்துக்குத்தான் அந்தக் கலை கைவந்தது. ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே இருப்பவள் பேச ஆரம்பித்தால் முறத்தைக் கீழே வைத்துவிடுவாள், அவ்வளவுதான். ஒருநாள் ஜெயபுஷ்பத்தின் வீட்டுக்கே வந்து, அப்படித்தான் முறத்தோடு உட்கார்ந்தாள். செத்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சே என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் ஜெயபுஷ்பம் வில்சனைப் பற்றி முழுசாகப் பேசினாள். அறைக்குள்ளிருந்து இன்பசேகரன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது, கட்டில் கிறீச்சிட்டதிலிருந்து இருவருக்கும் தெரிந்தது.

மழைக்காலத்தில், மண்டியில் தோல் சுமக்கும் ஒரு கூலியாள் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அவன் மனைவி கிரேஸி சின்ன வயசுக்காரி, கையில் குழந்தை. பெட்டிக்கு வழியில்லை. செயலாளர் ஜெயபுஷ்பத்துக்கு ஆள் அனுப்பினார்: உன் மூலைக்கு ஒருத்தர் கிடைத்துவிட்டார், துணியை எடுத்துக்கொண்டு வா.

ஜெயபுஷ்பம் துணி எடுக்காமல் போனாள். கிரேஸியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். "மூலையில வைக்கணும்னு நீ கேட்டியா? இல்ல அவங்க சொன்னாங்களா?"

கிரேஸி தலை குனிந்தாள்.

"உனக்கு இன்னா வேணும், அதைச் சொல்லு."

"பொட்டி வேணும் சிஸ்டர்" என்றாள் கிரேஸி. "எல்லாரையும் பொட்டியிலதான் வைக்கறாங்க. இவரு மட்டும் இன்னா பாவம் பண்ணாரு?"

வாசலில் நின்ற செயலாளரிடம் ஜெயபுஷ்பம் வந்தாள். "அவளுக்குப் பொட்டி வேணுமாம். அந்த மூலை வழியில்லாதவங்களுக்குன்னு ஆச்சுன்னா, நானே முள்ளு போட்டு மூடிடுவேன்" என்றாள்.

நேராக ஆசீர்வாதம் மேஸ்திரி வீட்டுக்கு நடந்தாள். மேஸ்திரி தனக்கென்று தேக்குப் பலகைகள் வாங்கிப் பரண்மேல் போட்டு வைத்திருப்பது ஊருக்கே தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, துடைத்து, செல் அரிக்காமல் வேப்பெண்ணெய் தடவி மறுபடி ஏற்றுவார். ஜெயபுஷ்பம் வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னாள்.

"என் பலகையைக் கேக்கறே" என்றார் அவர்.

"ஆமா. நம்ம ஆளு பொட்டியிலதான் போவணும்னு சொன்னது நீங்கதானே."

உள்ளே சௌந்தரம் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு நின்றாள். மேஸ்திரி தானே ஏணியைச் சாத்தி ஏறினார். ஒவ்வொரு பலகையாக அவர் இறக்க, ஜெயபுஷ்பம் கீழே வாங்கி அடுக்கினாள். மழை விட்ட மத்தியானத்தில், கிரேஸியின் புருஷன் தேக்குப் பெட்டியில், பஜார் வழியாகவே போனான். மேஸ்திரி முன்பக்கம் தோள் கொடுத்தார். திரும்பும்போது ஜெயபுஷ்பத்தின் பக்கத்தில் வந்து, "இப்ப இன்னா சொல்றே?" என்றார்.

"இப்பவும் அதையேதான் சொல்றேன் மேஸ்திரி. யாருக்கு எது வேணுமோ, அவங்களைக் கேக்கணும்."

"பிடிவாதக்காரி" என்றார் அவர். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

அடுத்த கோடையில் சௌந்தரம் படுத்துவிட்டாள். கர்ப்பப்பையில் கட்டி. பெரிய டாக்டர்கள் பார்த்தும் நேரம் கடந்திருந்தது. ஜெயபுஷ்பம் டியூட்டி முடிந்து தினமும் போவாள். உடம்பு துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள். கடைசி வாரத்தில் ஒருநாள் கிரேஸி குழந்தையோடு வந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, சௌந்தரம் ஜெயபுஷ்பத்தின் கையைப் பிடித்து, "நான் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றாள் ஜெயபுஷ்பம். "மேஸ்திரி விட மாட்டாரு. நீ விடாதே."

வியாழக்கிழமை விடியற்காலை அவள் மூச்சு நின்றது. வாலாஜாபேட்டையிலிருந்து மகள் வந்தாள். பெங்களூரிலிருந்து மகன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். ஜெயபுஷ்பம் போனபோது மேஸ்திரி வெளுத்த வேட்டி கட்டி, வாசல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தச்சனுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது, பித்தளைப் பிடி ஆம்பூரில் கிடைக்காவிட்டால் வேலூருக்கு ஆள் போகும் என்று, அவள் கேட்காமலேயே சொன்னார்.

அந்த வாசலில் சபையே நின்றுகொண்டிருந்தது. போதகர், செயலாளர், பழைய ஷாப்பு ஆட்கள், அப்துல் ஹமீது எல்லோரும் இருந்தார்கள். இப்போது வாயைத் திறந்தால் என்ன பேர் கிடைக்கும் என்று ஜெயபுஷ்பத்துக்குத் தெரியும். இழவு வீட்டில் தன் காரியம் பார்க்க வந்தவள் என்பார்கள். வேன் வந்து நின்ற அன்று, ஆணியைப் பிடுங்கச் சொல்ல நினைத்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது நினைவு வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, மேஸ்திரியின் முன்னால் போய் நின்றாள்.

"மேஸ்திரி, அக்காவுக்குப் பொட்டி வேணாம்."

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மேஸ்திரி கையை ஆட்டி அவளை விலகச் சொன்னார். "போம்மா அந்தாண்ட. இன்னைக்கு வேணாம் உன் பேச்சு."

"என் பேச்சு இல்ல. அக்கா பேச்சு. கிரேஸியைக் கேட்ட மாதிரிதான் அக்காவையும் கேட்டேன். கிரேஸி பொட்டின்னா, உங்க வாசல்ல வந்து நின்னேன். அக்கா மண்ணுன்னு சொன்னாங்க, இப்பவும் உங்க வாசல்லதான் நிக்கறேன்."

"நாலு பேரு இன்னா சொல்வான்?" அவர் குரல் உடைந்தது. "பொண்டாட்டிக்குப் போட வக்கில்லாம, அப்பனைச் சுருட்டின மாதிரி சுருட்டினான்னு சொல்வான். நான் இத்தனை வருஷம் குழியில வெந்தது அதுக்காடி?"

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "உங்கப்பாவை யாரும் கேக்கல மேஸ்திரி. சேத்துல விழட்டும்னு தூக்கினு போனாங்க. அக்காவை நாம கேட்டிருக்கோம். வெந்நீர் வச்சு, மகளே குளிப்பாட்டி, பஜார் நடுவுல எடுத்துக்கினு போவோம். உங்ககிட்டயும் அக்கா சொன்னாங்க. காது கேக்காத மாதிரி இருந்தீங்களாமே."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் ஷாப்புக்குப் போகும் தோல் வண்டி ஒன்று, கூட்டத்தைப் பார்த்து, மாட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டது. மேஸ்திரி தன் கைகளைப் பார்த்தார்.

"குளிப்பாட்டும்போது" என்றார் கடைசியில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "நான் கூட இருக்கலாமா?"

உள்ளே பெண்கள் கொஞ்சம் தயங்கினார்கள். ஜெயபுஷ்பம் தயங்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சௌந்தரத்தின் கால்மாட்டில் உட்கார வைத்து, கையில் செம்பைக் கொடுத்தாள். மகள் தலைக்கு ஊற்ற, கிரேஸி தாங்கிப் பிடித்துக்கொள்ள, மேஸ்திரி மனைவியின் பாதங்களைக் கழுவினார். வெடித்த குதிகாலைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒரு தடவை "தண்ணி சூடு ஜாஸ்தியா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கழுவி முடித்ததும் அவர் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது.

சாயங்காலம் மகன் வந்து முகம் பார்த்த பிறகு எடுத்தார்கள். வெள்ளைத் துணி சுற்றி, மூங்கில் தட்டியில் கிடத்தி, மல்லிகை போட்டு, பஜார் வழியாகவே போனார்கள். கடைக்காரர்கள் இறங்கி நிற்கிறார்களா என்று பார்க்க மேஸ்திரி தலையைத் திருப்பவே இல்லை. ஜெயபுஷ்பம் பார்த்தாள். சிலர் நின்றார்கள், சிலர் நிற்கவில்லை. செயலாளர் ஊர்வலத்தின் கடைசியில், வரலாமா வேண்டாமா என்ற நடையில் வந்துகொண்டிருந்தார்.

ஆற்றோர மூலையில் குழி ஆழமாக, ஓரம் சீவி வெட்டியிருந்தது. நாய் தோண்டாமல் மேலே போட ஆற்றுக் கற்களும் குவித்திருந்தது. போதகர் ஜெபம் முடித்தபோதுதான், ஒரு விஷயத்தை யாருமே யோசிக்கவில்லை என்று தெரிந்தது. பெட்டி என்றால் கயிறு கட்டி இறக்கிவிடலாம். இப்போது யாராவது உள்ளே இறங்கி, கையால் வாங்கிக் கிடத்த வேண்டும். மகன் தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனால் முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது. மற்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெயபுஷ்பம் புடவையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

அவளுக்கு முன்னால் யாரோ குழிக்குள் குதித்தார்கள். இன்பசேகரன். வில்சனை மூடிய நாளிலிருந்து இந்தத் தோட்டத்துப் பக்கம் வராதவன், ஊர்வலத்தில் வந்ததே அவளுக்குத் தெரியாது. கம்பெனிச் சட்டையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். குழிக்குள் நின்று, அண்ணாந்து, இரண்டு கைகளையும் மேலே நீட்டினான்.

மெதுவாகக் கொடுத்தார்கள். அவன் சௌந்தரத்தைத் தோளில் சாய்த்து வாங்கி, ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்து, தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுவதுபோல மண்ணில் விட்டான். தலைப்பக்கம் ஒரு மண்கட்டி உறுத்தியது. அதை எடுத்து உள்ளங்கையில் உதிர்த்து, அந்த இடத்தை நிரவினான். துணி விலகியிருந்த இடத்தைச் சரிசெய்தான். அதற்குப் பிறகும் எழவில்லை. குந்தியபடி, கையைத் துணிமேல் வைத்தபடியே இருந்தான்.

மேலே மண்வெட்டியோடு நின்றவர்களில் ஒருவன், "அண்ணே, ஏறுங்க" என்றான்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் ஜெயபுஷ்பம். குழிக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். "அவசரம் இல்ல. யாரும் மண்ணு தள்ளக்கூடாது."

ஆசீர்வாதம் மேஸ்திரி வேட்டியைப் பற்றி யோசிக்காமல் உப்பு மண்ணில் முழங்காலிட்டு, குழிக்குள் கையை நீட்டினார். இன்பசேகரன் நிமிர்ந்து பார்த்து, சிவந்த மண் அப்பிய கையால் அந்தக் கையைப் பிடித்தான். ஆனால் ஏறவில்லை. மேஸ்திரி இழுக்கவும் இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழும்பி மல்லிகைப் பூக்களைக் குழி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பிடித்த கை பிடித்தபடி, ஒருவர் மேலே, ஒருவன் உள்ளே, இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.